மாஸ்டர் என்று கூப்பிட்டவர்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

திருவல்லிக்கேணியில் மேன்ஷன்கள் நெருங்கி நிற்கும் தெருவில், ஒரே சமையல்கட்டை இரண்டு பேர் வாடகைக்கு எடுத்திருந்தோம். விடிகாலை 4 மணியிலிருந்து 10 வரை என் டிபன். பிறகு அவருடைய மதியச் சாப்பாடு. எனக்கு அப்போது வயது 46, கணவர் இறந்து ஒன்பது வருஷம். மதியச் சாப்பாடு போட்டவர் விருதுநகர்ப் பக்கம். விவாகரத்தாகி, கடையையும் மூடிவிட்டு வந்தவர்.

நான் அவரை "அண்ணே" என்பேன். அவர் என்னை "மாஸ்டர்" என்றார். எங்கள் தொழிலில் தோசை மாஸ்டர், சரக்கு மாஸ்டர் எல்லாம் ஆண்கள்தான். எத்தனை அண்டா இறக்கினாலும் பெண் வெறும் சமையக்காரம்மா. முதல் தடவை யாரைக் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

சாம்பாருக்குச் சண்டை போடுவோம். மல்லியும் கடலைப்பருப்பும் தேங்காயும் வறுத்து அரைத்துவிடாமல் சாம்பாரா என்பேன் நான், தஞ்சாவூர்க்காரி. அவருக்குப் பொடிதான்.

ஒரு மார்கழி வந்தது. சென்னையில் என்ன பெரிய பனி என்பீர்கள். மாவைக் கேளுங்கள், சொல்லும். 4 பங்கு அரிசி, 1 பங்கு உளுந்து என்று பக்குவமாக அரைத்தாலும், சூடு குறைந்தால் புளிக்காமல் கிடக்கும். அந்த வருஷம் மட்டும் என் மாவு தினமும் பொங்கி நின்றது. ஒருநாள் சாவியை மறந்து இரவில் திரும்பிப் போனேன். மறுநாளுக்குக் காய் நறுக்க வந்தவர், என் மாவுப் பாத்திரத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் இறக்கி, சாக்கைப் போர்த்திக்கொண்டிருந்தார்.

"ராத்திரி குளிருது, மாஸ்டர்" என்றார், மாவைப் பார்த்தபடியே.

அதன்பிறகு என் வாயில் "அண்ணே" வரவில்லை.

இந்த வயதில் என்ன கல்யாணம் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். என் மகள் ஒன்றுதான் கேட்டாள்: "அவர் உன்னை எப்படிம்மா கூப்பிடுறார்?" சொன்னேன். சரி என்றாள்.

எத்தனையோ கல்யாணங்களுக்குச் சமைத்திருக்கிறேன். முகூர்த்த நேரத்தில் மணமேடைப் பக்கம் போனதில்லை, கணவனை இழந்தவள் என்று. அண்ணா முதல்வராக இருந்தபோது, 1967-இல், சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் வந்தது. புரோகிதர் வேண்டாம். உறவும் நட்பும் சூழ, புரிந்த மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி மாலை மாற்றினால் போதும். அப்படித்தான் செய்தோம்.

"மாஸ்டரை என் மனைவியாக ஏற்கிறேன்" என்றார் அவர்.

"அப்பா, பேரைச் சொல்லுங்க" என்றாள், அதுவரை அவரை அங்கிள் என்று கூப்பிட்டுவந்த என் மகள்.