வெண்டர் ஏன் வாயைத் திறப்பதில்லை?

நேயர்களுக்கு வணக்கம். பர்ச்சேஸ் துறை என்றாலே ரேட்டைக் குறைக்கப் பேரம் பேசுகிற இடம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அங்கே பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் இன்று வேறொரு விஷயத்தைப் பேச வந்திருக்கிறேன். நமக்குப் பாகங்கள் செய்து தருகிற வெண்டர்களிடம் அருமையான யோசனைகள் இருக்கின்றன. அவற்றை ஏன் நம்மிடம் சொல்வதில்லை?

கோவை கணபதியில் பட்டறை வைத்திருக்கும் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு கம்பெனிக்கு புஷ் என்கிற குழாய் மாதிரியான சிறு உலோகப் பாகத்தைக் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். டிராயிங்கில் வெளிவிட்டத்துக்கு 0.01 மில்லிமீட்டர் டாலரன்ஸ், அதாவது அளவு அவ்வளவுதான் முன்னே பின்னே இருக்கலாம். அதனால் லேத்தில் கடைந்த பிறகு ஒவ்வொன்றையும் நுணுக்கமாகத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவர கிரைண்டிங் மெஷினில் ஏற்ற வேண்டும். ஆனால் அந்த வெளிப்பக்கம் வேறு எந்தப் பாகத்தோடும் பொருந்துவதே இல்லை. டாலரன்ஸைத் தளர்த்தினால் கிரைண்டிங்கே வேண்டாம் என்று போய்ச் சொன்னார். கம்பெனி டிராயிங்கை மாற்றியது. சரி, நல்லதுதான். அப்புறம், மாற்றிய டிராயிங்கை நாலு பேருக்கு அனுப்பிக் கொட்டேஷன் கேட்டது! கொஞ்சம் குறைத்துப் போட்ட இன்னொருவருக்கு ஆர்டர் போய்விட்டது. "இப்பல்லாம் டிராயிங்ல என்ன இருக்கோ அதைச் செஞ்சு குடுத்துட்டுப் போறேங்க" என்கிறார் அவர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதை வேறு மாதிரிச் செய்து காட்டிய கம்பெனி ஒன்று உண்டு. அமெரிக்காவின் கார் கம்பெனியான கிறைஸ்லர் 1989ல் நெருக்கடியில் இருந்தபோது, தன் வெண்டர்களிடம் விலையைக் குறையுங்கள் என்று கேட்பதற்குப் பதில் யோசனை கேட்டது. அதிலும் முதலில் கேட்டது, 'எங்கள் பக்கம் எதை மாற்றினால் செலவு குறையும்?' என்றுதான். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. குறையைத் தன்னிடம் தேடச் சொல்கிறவனிடம்தான் எதிராளி மனம் திறந்து பேசுவான். ஸ்கோர் என்று பெயர் வைத்த அந்தத் திட்டத்தில், மிச்சமாகும் பணத்தில் பாதியை யோசனை சொன்னவரே எடுத்துக்கொள்ளலாம். பங்கை விட்டுக்கொடுத்தால் கிறைஸ்லரிடம் அவருடைய மதிப்பெண் கூடும். புதுக் கார் வடிவமைக்கும்போதே வெண்டரைத் தேர்ந்தெடுத்து, எட்ட வேண்டிய விலையையும் சொல்லி, கூடவே உட்கார வைத்தார்கள். 1995 முடிவதற்குள் 5,300 யோசனைகள் நடைமுறைக்கு வந்தன. மிச்சம் ஆண்டுக்கு 170 கோடி டாலருக்கும் மேல்.

இதற்கு நடுவே, 1992ல் இன்னொரு அமெரிக்கக் கார் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸின் பர்ச்சேஸ் தலைவராக வந்த லோபஸ் நேர் எதிர்வழியில் போனார். போட்டிருந்த ஒப்பந்தங்களைத் திறந்து மறுபடி ரேட் கேட்டார். உடனடியாகப் பணம் மிச்சமானது. ஆனால் வெண்டர்கள் தங்கள் புதுக் கண்டுபிடிப்புகளை வேறு கம்பெனிகளிடம் கொண்டுபோக ஆரம்பித்தார்கள்.

கிறைஸ்லர் கதையும் நல்லபடியாக முடியவில்லை. 1998ல் ஜெர்மனியின் டைம்லர் கம்பெனியோடு இணைந்தது. வெண்டர்களோடு அந்த உறவை வளர்த்த கிறைஸ்லர் அதிகாரி ஸ்டால்காம்ப் 1999ல் வெளியேறினார். 2001 ஜனவரி முதல் எல்லா வெண்டரும் விலையில் 5 சதவீதம் குறைக்க வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. பத்து வருடமாகச் சேர்த்த நம்பிக்கை அதோடு ஆட்டம் கண்டது.

நம் ஊரில் இதைச் செய்ய என்ன தடை? பெரிய தடை, பர்ச்சேஸ் ஆளின் வேலையை இந்த வருடம் எவ்வளவு ரேட் குறைத்தார் என்பதை வைத்து மட்டுமே அளப்பது. பிறகு எதற்காக அவர் வெண்டரின் யோசனையைத் தூக்கிக்கொண்டு டிசைன் துறை வாசலில் நிற்கப்போகிறார்? இதை மாற்ற வேண்டியது மேலிடம்தான்.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிறு நிறுவனங்களுக்கு, ஒப்பந்தத்தில் அதற்கு மேல் எழுதியிருந்தாலும், 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. பில்லுக்காக மாதக்கணக்கில் அலைகிறவர், பாகத்தைப் பிடித்து வைத்து வேலை செய்ய உதவும் புது ஜிக் செய்து சோதனை பார்க்க எங்கே போவார்?

பர்ச்சேஸில் இருக்கும் நண்பர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த வெண்டர் மீட்டிங்கில் ரேட் ஷீட்டை எடுப்பதற்கு முன், டிராயிங்கை மேஜையில் விரித்து, "இதில் தேவையில்லாத வேலை எது?" என்று கேளுங்கள். டிசைன் இன்ஜினியரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். யோசனை வந்தால் பதினைந்து நாளுக்குள் எடுக்கிறோமா இல்லையா, இல்லையென்றால் ஏன் என்று எழுத்தில் சொல்லுங்கள். எடுத்தால், குறைந்தது இரண்டு வருடத்துக்கு அந்த ஆர்டர் அவருக்கே என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். வணக்கம்.