தேடிய தேட்டத்தில் பாதி யாருடையது?

நடுவர் அவர்களே, அவையோரே, எனக்கு முன் முழங்கிவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணி அண்ணரே, எல்லோருக்கும் வணக்கம்.

கிறிஸ்தவக் குடும்பத்தில் கொடுக்கும் குணம் நிலைப்பது பெற்றோரின் மறைவான ஈகையாலா, வீட்டார் கூடி எடுக்கும் முடிவாலா என்பது இன்றைய வழக்கு. மறைவான ஈகையே என்று அண்ணர் வாதாடினார். மத்தேயு ஆறாம் அதிகாரத்தை எடுத்தார், வலது கை செய்வதை இடது கை அறியக்கூடாது என்றார், கைதட்டலும் வாங்கினார். நானும் தட்டினேன், குரல் அவ்வளவு கம்பீரம். ஆனால் நான்காம் வசனத்தோடு வேதத்தை மூடிவிட்டார். ஆறாம் வசனத்தில் என்ன இருக்கிறது? ஜெபம்பண்ணும்போது உன் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள் என்று அதே மலையில் இருந்து அதே இயேசு சொல்கிறார். அப்படியானால் அண்ணர் வீட்டில் குடும்ப ஜெபம் கிடையாதா? நம் கரையோரப் பாசையூரிலும் குருநகரிலும் மாலையானால் பிள்ளை குட்டிகளோடு முழங்காலில் இருந்து செபமாலை சொல்கிறார்களே, அவர்கள் எல்லோரும் கட்டளையை மீறியவர்களா? கதவைப் பற்றிய வார்த்தை குடும்ப ஜெபத்தைத் தடுக்கவில்லை. கையைப் பற்றிய வார்த்தை மட்டும் குடும்பக் கொடையை எப்படித் தடுக்கும்? இயேசு கண்டித்தது வீதியில் தாரை ஊதுகிறவனை. குசினியில் மனைவியோடு இருந்து கணக்குப் பார்க்கிறவனை அல்ல.

இன்னொன்று. மாற்கு பன்னிரண்டாம் அதிகாரத்தில் ஆண்டவர் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, யார் என்ன போடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏழை விதவை இரண்டு காசு போட்டதைக் கண்டதும் சீஷர்களைக் கூப்பிட்டுக் காட்டுகிறார். கொடுப்பது எப்படி என்று தம்முடைய பிள்ளைகளுக்கு அவர் கண்ணால் காட்டித்தான் படிப்பித்தார்.

இப்போது யாழ்ப்பாணத்துக்கு வருகிறேன். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த நம்முடைய வழக்காற்றுச் சட்டமான தேசவழமை, சொத்தைப் பரம்பரையாக வந்த முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று பிரிக்கிறது. கலியாணத்துக்குப் பின் உழைத்துச் சேர்த்தது தேடிய தேட்டம். பழைய வழமைப்படி அது கணவன் பெயரில் இருந்தாலும் சரி, மனைவி பெயரில் இருந்தாலும் சரி, இருவருக்கும் சம பங்கு. சீதனக் காணிக்கு எல்லைக்கல் தேடி நீதிமன்றம் ஏறும் நமக்கு இது மனப்பாடம். ஆலயத்துக்குக் காசு கொடுக்கும்போது மட்டும் எப்படி மறந்துபோகிறது? சம்பளத்தில் பத்திலொன்றை ஒருவருக்கும் சொல்லாமல் உறையில் போட்டு ஒட்டுகிற தகப்பன், அந்த வழமைப்படி அதில் பாதியை மனைவியின் பங்கில் இருந்து, அவளைக் கேட்காமல் எடுக்கிறார். கொடுத்த நிறைவு ஐயாவுக்கு. மாதக் கடைசியில் கடைக்காரரின் கொப்பியில் கடன் எழுதுகிற வெட்கம் அம்மாவுக்கு. இதையா ஈகை என்கிறீர்கள்?

வேதம் நம்மைச் சொத்துக்காரர் என்று அழைக்கவில்லை, உக்கிராணக்காரர், அதாவது எஜமானின் பொருளைப் பராமரிப்பவர், என்கிறது. உக்கிராணக்காரனை எஜமான் கூப்பிட்டுக் கேட்பது கணக்கு. வீட்டில் எவருக்கும் கணக்குக் காட்டிப் பழகாத மனிதர் பரலோகத்தில் போய் எப்படிக் காட்டப்போகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

நம்முடைய அப்பம்மாமார் பிடியரிசி எடுத்தார்கள். உலையில் போட அளந்த அரிசியில் ஒரு பிடியை அள்ளித் தனிப் பானையில் போட்டு, சேர்ந்ததை ஆலயத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பிடி யாருடையது? சமைத்தவளுடையது மட்டுமா? அன்று அந்த வீட்டில் எல்லோர் கோப்பையிலும் கொஞ்சம் சோறு குறைந்தது. ஏன் குறைந்தது என்று கடைசிப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. பானையில் அரிசி போடும் வேலையை அந்தப் பிள்ளைக்கே கொடுத்த வீடுகளும் உண்டு. அண்ணர் சொல்லும் மறைவு அங்கே எங்கே இருந்தது?

அண்ணர் தசமபாகம், தசமபாகம் என்று அடிக்கடி சொன்னார். உபாகமம் பதினான்காம் அதிகாரத்தை ஒருமுறை வாசித்துப் பார்க்கட்டும். விளைச்சலில் பத்திலொன்றைக் கர்த்தருடைய சந்நிதிக்குக் கொண்டுபோய், நீயும் உன் வீட்டாரும் அங்கே சாப்பிட்டுச் சந்தோஷப்படுங்கள் என்று இருக்கிறது. வழி தூரமானால் விற்றுக் காசாக்கிக்கொண்டு போ, அங்கே உனக்கு விருப்பமானதை வாங்கு என்றுகூட இருக்கிறது. மூன்றாம் வருடத்துப் பங்கு ஊர் வாசலில் வைக்கப்படும். லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து திருப்தியாகச் சாப்பிடுவார்கள். அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தசமபாகத்தின் ருசி நாக்கில் தெரிந்திருந்தது. நம்முடைய பிள்ளைகளுக்குத் தெரிவது ஒட்டிய உறையின் முதுகு.

1995 ஒக்டோபர் 30ஐ இந்த அவையில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். போருக்கு அஞ்சி, ஊரை விட்டு வலிகாமம் முழுவதும் மழைக்குள் நாவற்குழிப் பக்கம் நடந்தது. சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் மிருசுவிலிலும் சைவ வீடும் வேதக்காரரான கிறிஸ்தவர் வீடும் படலையைத் திறந்துவிட்டன. ஒரு வளவுக்குள் எத்தனை குடும்பங்கள்! அதை எந்தத் தகப்பன் மறைவாகக் கொடுத்திருக்க முடியும்? தன் அறையை விட்டுக்கொடுத்தது மகள். வந்தவர்களுக்கும் சேர்த்து உலை வைத்தது தாய். கிணற்றடியில் தன் முறைக்காகக் காத்து நின்றது பாட்டன். வீட்டார் மனம் ஒத்திராவிட்டால் அந்தக் கொடை ஒரு கிழமை தாங்கியிருக்காது. காசைத்தான் ஒளித்துக் கொடுக்கலாம். கிணற்றையும் திண்ணையையும் ஒளித்துக் கொடுக்க முடியாது. இந்த மண் கொடுத்த மிகப் பெரிய கொடை அந்த வகையானது, நடுவர் அவர்களே.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் விளங்காது என்றார் அண்ணர். நான் படிப்பிக்கிறவள். யாருக்குத் தேவை இருக்கிறது என்று முதலில் அறிவது பிள்ளைகள்தான். 2022இன் பொருளாதார நெருக்கடியில் மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தபோது, எந்த வீட்டுப் பிள்ளை காலைச் சாப்பாடு இல்லாமல் வருகிறது, எது ரியூசனை நிறுத்திவிட்டது என்று பக்கத்தில் இருந்த பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. சபையின் உதவிப் பட்டியலில் அந்தப் பெயர் ஏறுவதற்கு மாதங்கள் செல்லும். அந்தப் பிள்ளையை மேசையில் வைத்துக்கொண்டு, இந்த மாதம் யாருக்குக் கொடுக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். போதகருக்குத் தெரியாத பெயர் ஒன்று வரும்.

கூடிப் பேசினால் தொகை குறைந்துவிடும் என்பது அவருடைய அடுத்த பயம். குறையலாம். நான் மறுக்கவில்லை. சீட்டுக் கடனை முதலில் கட்டு என்று அம்மா சொல்லக்கூடும், அது நியாயமாகவும் இருக்கக்கூடும். விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினாரே. வீட்டில் நாலு பேர் விசனப்படுகிற பெரிய தொகையைவிட, நாலு பேரும் மனதார நியமித்த சிறிய தொகைக்கே நான் வாக்களிப்பேன்.

நிலத்தை விற்று, காசில் ஒரு பங்கை ஒளித்துக்கொண்டு மிச்சத்தை அப்போஸ்தலரிடம் கொண்டுவந்த கணவன் மனைவியான அனனியாவும் சப்பீராளும் கூடித்தானே முடிவெடுத்தார்கள் என்று அண்ணர் மடக்கினார். அழகான மடக்கு! ஆனால் பேதுரு அவர்களை என்ன கேட்டார்? நிலம் உன்னுடையதாக இருந்ததே, விற்ற காசும் உன் வசத்தில் இருந்ததே என்றார். ஒரு பங்கை வைத்துக்கொண்டதைக் குற்றம் என்று சொல்லவில்லை, முழுவதும் இதுதான் என்று பொய் சொன்னதைத்தான் கேட்டார். அவர்களை விழுத்தியது மறைத்தது, அண்ணர். அது உங்கள் அணியின் சாட்சி.

கொடுத்தவர் பெயரை ஆலயத்தில் பொறித்து வைக்கும் பெயர்க்கல்லைப் பற்றியும் கேலி செய்தார். வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் கொடுத்தவருக்குத்தான் வெளியே கல் தேவைப்படுகிறது என்பது என் அனுபவம். ரொறன்ரோவில் இரண்டு வேலை செய்து, இங்கே ஆலயக் கூரைக்குக் காசு அனுப்புகிறார் ஒருவர். ஏன் இரண்டாவது வேலை என்று அங்கே பிள்ளைகளுக்குத் தெரியாது. எந்த ஆலயம் என்றும் தெரியாது.

அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். ஒரு தகப்பன் யாருமறியாமல் ஓர் ஏழைப் பிள்ளையைப் படிப்பிக்கிறார். நாளை அவர் திடீரென்று கண்ணை மூடிவிடுகிறார். அந்தப் பிள்ளைக்கு அடுத்த மாதக் காசை யார் கொடுப்பது? அப்படி ஒரு பிள்ளை இருக்கிறது என்று அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்?

மணி இரண்டாம் முறையும் அடித்துவிட்டது. அமர்கிறேன், நன்றி.