மெயினை ஆஃப் செய்தும் டெஸ்டர் எரிந்தது

வணக்கம் நண்பர்களே. இந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் பிளக்கைப் பாருங்கள், கேமராவைக் கிட்டே கொண்டு வருகிறேன். இந்தப் பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருக்கிறது, தெரிகிறதா? அம்மாவின் அறையில் இருப்பது ஒரே ஒரு 6 ஆம்பியர் பாயிண்ட். போன் சார்ஜர், டேபிள் ஃபேன், அயர்ன் பாக்ஸ், கெட்டில் எல்லாம் இதில்தான். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் என்றால் அது தாங்குவது 1380 வாட்தான். அயர்ன் பாக்ஸ் மட்டுமே 1000 வாட், எங்கள் கெட்டில் 1500. பார்த்ததும் பயந்துவிட்டேன், அம்மா தலைமாட்டில் இருக்கிற பிளக் இது.

சரி, இன்று இந்த அறைக்கு இரண்டு 16 ஆம்பியர் பாயிண்ட் போடுகிறோம். வேலை செய்வது லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் அண்ணன். நான் கூட நின்று காட்டுகிறேன்.

பலரும் பக்கத்தில் இருக்கிற லைட் போர்டிலிருந்தே லூப் எடுத்து, அதாவது அங்கிருக்கிற ஒயரையே நீட்டி, 16 ஆம்பியர் சாக்கெட்டை மாட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். லைட்டுக்குப் போட்ட ஒயர் பெரும்பாலும் 1.5 ஸ்கொயர் எம்எம் அல்லது அதற்கும் மெலிசு. சுவருக்குள் அது சூடாவது யாருக்கும் தெரியாது. நாங்கள் டிபி பாக்ஸிலிருந்தே, அதாவது வீட்டு லைன்கள் எல்லாம் பிரிகிற பெட்டியிலிருந்தே, தனி லைன் இழுக்கிறோம். 4 ஸ்கொயர் எம்எம் காப்பர், அதற்கென்று ஒரு 16 ஆம்பியர் எம்சிபி (லோடு அதிகமானால் தானே விழும் ஸ்விட்ச்), கூடவே பச்சை எர்த் ஒயர். இந்தப் பழைய பாயிண்டைக் கழற்றிப் பார்த்தால் எர்த் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை. இத்தனை வருடம் வெறும் ஓட்டைதான்!

அந்தப் பழைய போர்டைக் கழற்றும்போது நடந்ததைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மெயினை ஆஃப் செய்துவிட்டோம். அண்ணன் பழக்கத்தில், கரண்ட் இருக்கிறதா என்று பார்க்க டெஸ்டரை வைத்தார், அதன் லைட் எரிந்தது. காரணம் இன்வெர்ட்டர். மெயின் போனதும் கரண்ட் கட் என்றெண்ணி அது பேட்டரியிலிருந்து லைட், ஃபேன் லைனுக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டது. ஒரே போர்டுக்குள் ஈபி லைனும் இன்வெர்ட்டர் லைனும் உரசிக்கொண்டு கிடக்கின்றன. கை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் அதையும் ஆஃப் செய்யுங்கள். டெஸ்டர் சரியாக எரிகிறதா என்று மெயினை ஆஃப் செய்வதற்கு முன்பே கரண்ட் உள்ள பாயிண்டில் பார்த்து வையுங்கள்.

அப்புறம், புது சாக்கெட்டை எர்த் ஓட்டை மேலே வரும்படி நேரே பார்த்தால் வலது ஓட்டையில் ஃபேஸ் (கரண்ட் வருகிற ஒயர்), இடதில் நியூட்ரல் (அது திரும்பிப் போகிற ஒயர்). ஸ்விட்ச் வழியாக வருவது ஃபேஸாகவே இருக்க வேண்டும்.

இப்போது மெயின் ஆன். மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 231 வோல்ட், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230. எர்த் பிடித்திருக்கிறது. டிபியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்கிறது, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்துகிறேன்... டக்கென்று விழுந்துவிட்டது, நல்லது.

அதை மறுபடி ஆன் செய்ததும் அம்மா கெட்டிலைப் போட்டுவிட்டார். பிளக்கைத் தொட்டுப் பார்க்கிறேன், சூடே இல்லை. இந்தப் பழைய பாக்ஸின் ஒயரைக் கட்டிங் பிளேயரால் வெட்டிவிட்டுக் குப்பையில் போடப் போகிறேன், வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது.