வீட்டுத் தரைக்கு ஹார்ட்வூட்டா, லமினேட்டா? ரொறன்ரோ வீடுகளுக்கான விளக்கம்

[காட்சி: அறையின் மூலையில், தரையில் பதித்த வெப்பக்காற்றுத் துளையின் இரும்பு மூடியை ஒரு கை தூக்குகிறது. துளையின் விளிம்பில் தரையின் வெட்டுமுகம் தெரிகிறது.]

வணக்கம். ஸ்காபரோவில் 1950களிலோ 1960களிலோ கட்டப்பட்ட ஒரு வீட்டை நீங்கள் வாங்கியிருந்தால், தரைப்பலகைக் கடைக்குப் புறப்படும் முன் செய்யவேண்டிய சிறு வேலை ஒன்று இருக்கிறது. பர்னஸிலிருந்து சூடான காற்று மேலே வரும் துளையின் மூடியைத் தூக்கி, டோர்ச் வெளிச்சத்தில் அதன் விளிம்பைப் பாருங்கள். மேலே கார்ப்பெட், அதன் கீழே பஞ்சு விரிப்பு, அதற்கும் கீழே 2 1/4 அங்குல அகலத்தில் வரிசையாக ஆணியடித்த சிவப்பு ஓக் பலகைகள் தெரியக்கூடும். அக்காலத்து, மேல்மாடி இல்லாத பங்களா வீடுகள் பலவற்றில் இப்படித்தான் தரை போட்டார்கள். பின்னால் வந்தவர்கள் அதன்மேல் கார்ப்பெட்டை விரித்து மூடிவிட்டார்கள். உங்கள் வீட்டில் அது இருந்துவிட்டால், புதிதாக எதையும் வாங்காமல், இருப்பதையே தேய்த்து மெருகேற்றிக்கொள்ளலாம்.

அப்படி ஒன்றும் அகப்படவில்லை என்றால், மேலே கேளுங்கள்.

[காட்சி: மேசைமேல் இரண்டு பலகைத் துண்டுகள். ஒன்று ஓக், மற்றது லமினேட். இரண்டின் குறுக்குவெட்டும் அருகில் காட்டப்படுகிறது.]

இடப்பக்கம் இருப்பது ஹார்ட்வூட். 3/4 அங்குலத் தடிப்பு முழுவதும் ஒரே மரம். பலகையின் ஒரு பக்கத்தில் நாக்கும் மறுபக்கத்தில் காடியும் வெட்டியிருப்பார்கள். ஒன்றின் நாக்கு அடுத்ததன் காடிக்குள் புகுந்ததும், கீழுள்ள பிளைவுட்டில் ஆணியால் இறுக்குவார்கள். நாக்குக்கு மேலே இருக்கும் மரத்தைப் பாருங்கள். அது ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் வரும். இந்தத் தரையின் ஆயுள் முழுவதும் அந்த 6 மில்லிமீற்றருக்குள் இருக்கிறது. ஒருமுறை இயந்திரத்தால் முழுமையாகத் தேய்த்தால் 1 மில்லிமீற்றரோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ போகும் என்று வைத்துக்கொண்டாலும், கீறலும் கறையும் நீங்கிய புதுத் தரையை உங்கள் வாழ்நாளிலும் உங்கள் பிள்ளைகளின் வாழ்நாளிலுமாகப் பலமுறை எடுக்கலாம்.

வலப்பக்கம் இருப்பது லமினேட். 1977ஆம் ஆண்டு சுவீடனின் பெர்ஸ்டோர்ப் நிறுவனம் கண்டுபிடித்தது. பெர்கோ என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. உள்ளே இருப்பது மரத்தூளையும் நாரையும் பிசினோடு சேர்த்து மிகுந்த அழுத்தத்தில் இறுக்கிய பலகை. அதன்மேல் மரத்தின் ஒளிப்படம் அச்சிட்ட காகிதம். அதற்கும் மேலே, அலுமினியம் ஒக்சைட் துகள்கள் கலந்த மெலமைன் பூச்சு. நீங்கள் கண்ணால் பார்க்கும் ரேகையும் கணுவும் படம் என்பதால், தேய்ந்துபோனால் அடியில் வேறு மரம் கிடையாது. இதைத் தேய்த்து மெருகேற்ற முடியாது. கழற்றி மாற்றத்தான் முடியும்.

ஹார்ட்வூட் பழுதுபார்க்கக்கூடிய தரை, லமினேட் மாற்றவேண்டிய தரை. விலை, அழகு, உழைப்பு என்று கடைக்காரர் எதைச் சொன்னாலும், அதை இந்த வேறுபாட்டோடு வைத்துப் பார்த்தால் பெரும்பாலான குழப்பம் தீர்ந்துவிடும்.

[காட்சி: கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் நிறுத்திவைத்த லமினேட் துண்டு. அடுத்த காட்சியில், மறுநாள் காலை அதே துண்டு.]

இந்தத் துண்டை நேற்று இரவு பாதியளவு தண்ணீரில் நிறுத்திவைத்தேன். மேற்பரப்பில் ஒரு மாற்றமும் இல்லை; விரலால் தடவினால் நேற்றுப் போலவே வழுவழுப்பாக இருக்கிறது. பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். வெட்டிய விளிம்பு உப்பி, உள்ளிருக்கும் நார் நனைந்த ரொட்டியைப் போலப் பிரிந்துவிட்டது. இதை ஒரு வாரம் வெயிலில் காயவைத்தாலும் பழைய தடிப்புக்குத் திரும்பாது. நனைந்த ஓக் பலகையும் வளையும், விளிம்புகள் மேலெழுந்து நடுவில் குழியும். ஆனால் விரைவாகக் கவனித்து, மெதுவாக உலரவிட்டால், பலவேளைகளில் பெருமளவுக்குச் சமப்பட்டுவிடும். மீதியைத் தேய்த்துச் சரிசெய்யலாம்.

இந்த இடத்தில் நம்முடைய பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிவப்புச் சீமெந்துத் தரையில் வளர்ந்தவர்கள் நாம். வெள்ளிக்கிழமை காலையில் வாளித் தண்ணீரை ஊற்றித் தும்புத்தடியால் தள்ளினால்தான் வீடு துப்புரவானது என்ற எண்ணம் நமக்குள் ஊறியிருக்கிறது. இந்த இரண்டு தரைகளில் எதற்கும் அது ஆகாது. நன்றாகப் பிழிந்த துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நீராவியால் துடைக்கும் கருவியைப் பயன்படுத்தினால், பல உற்பத்தியாளர்களின் உத்தரவாதம் செல்லாது. ‘வோட்டர்ப்ரூஃப்’ என்று பெட்டியில் எழுதியிருக்கும் லமினேட்டை வாங்குவோரும் உத்தரவாதப் பத்திரத்தின் சிறிய எழுத்துகளைப் படிக்கவேண்டும். மேலே சிந்திய தண்ணீர் குறிப்பிட்ட மணிநேரத்துக்குள் துடைக்கப்பட்டால் பொருத்துவாய்க்குள் இறங்காது என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் குழாய் கசிந்து, தண்ணீர் பலகைக்கு அடியில் தேங்கினால் அந்தச் சொல் உங்களைக் காப்பாற்றாது. ஆகையால் குசினிக்கு இரண்டுமே என் முதல் தெரிவு அல்ல. அங்கே ஓடு பதிப்பதே மேல்.

[காட்சி: பனிக்காலச் சாளரம். சுவரில் ஈரப்பதமானி 22 சதவீதம் காட்டுகிறது. தரைப்பலகைகளுக்கிடையே மெல்லிய இடைவெளிகள்.]

ஹார்ட்வூட்டுக்கு வேறொரு சோதனை வைத்திருக்கிறது ரொறன்ரோ. மரம் நீளவாக்கில் அசைவதில்லை என்றே சொல்லலாம். அகலவாக்கில் காற்றின் ஈரத்துக்கேற்ப விரிந்து சுருங்கும். ஜூலையின் புழுக்கத்தில் விரிந்திருக்கும் பலகை, பர்னஸ் இரவுபகலாக ஓடும் ஜனவரியில் சுருங்கும். கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். சாதாரணமாக அறுத்த சிவப்பு ஓக், தன் ஈரம் ஒவ்வொரு சதவீதம் குறையும்போதும் அகலத்தில் 0.00369 பங்கு சுருங்குகிறது. 3 1/4 அங்குலப் பலகையின் ஈரம் 4 சதவீதம் குறைந்தால் 1.2 மில்லிமீற்றர் இடைவெளி. 5 அங்குலப் பலகையானால் ஏறத்தாழ 1.9 மில்லிமீற்றர். அகலமான பலகைகள் இப்போது நாகரிகமாக இருக்கின்றன. அவற்றின் இடைவெளியும் அகலமாகத்தான் இருக்கும் என்பதைக் கடையில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. குளிர்காலத்தில் தோன்றி வசந்தத்தில் மூடிக்கொள்ளும் இடைவெளி குறைபாடு ஆகாது. அதைப் பார்த்துப் பதறி மரப்பசையால் அடைத்துவிட்டால், கோடையில் விரியும் பலகைக்குப் போக இடமில்லாமல் தரை மேலெழும். பர்னஸோடு ஈரப்பதமூட்டியைப் பொருத்தி, வீட்டுக்குள் காற்றின் ஈரத்தை 35 முதல் 45 சதவீதத்துக்குள் வைத்திருப்பதே இதற்கு வழி.

அகலப் பலகைதான் வேண்டும் என்போருக்கு இடைவழி ஒன்று உண்டு. என்ஜினியர்ட் ஹார்ட்வூட் என்பது, குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பிளைவுட் அடுக்குகளின்மேல் உண்மை மரத்தகடு ஒட்டியது, அசைவு குறைவு. வாங்கும்போது மேற்தகட்டின் தடிப்பைக் கேளுங்கள். 1 மில்லிமீற்றருக்கும் குறைவான தகட்டைத் தேய்க்க முடியாது. 4 மில்லிமீற்றர் இருந்தால் இரண்டொரு முறை தேய்க்கலாம்.

கடினம் பற்றியும் ஒரு சொல். மரத்தின் கடினத்தை அளக்கும் ஜங்கா சோதனையில், 11.28 மில்லிமீற்றர் விட்டமுள்ள எஃகுக் குண்டைப் பாதியளவு மரத்துக்குள் அழுத்தத் தேவையான விசையை எடுப்பார்கள். சிவப்பு ஓக்குக்கு 1290 பவுண்ட், மேப்பிளுக்கு 1450, வால்நட்டுக்கு 1010. நம்மவர்கள் வியப்போடு கேட்கும் செய்தி: தேக்கு இந்த அளவில் சிவப்பு ஓக்கைவிட மென்மையானது. தேக்கின் பெருமை அதன் எண்ணெய்ப்பசையில், கறையானையும் ஈரத்தையும் தாங்குவதில் இருக்கிறது. அரிசிப் பானை கைதவறி விழுந்தால் ஓக்கிலும் குழி விழும். லமினேட்டில் கீறல் எளிதில் விழாது. ஆனால் கனமான பொருளின் கூர்முனை பட்டால் பூச்சு சில்லாகத் தெறித்துவிடும், அந்தச் சில்லை முழுமையாக மறைப்பது கடினம். லமினேட்டின் தேய்மானத் தரத்தைப் பெட்டியில் ஏஸி1, ஏஸி2 என்று குறித்திருப்பார்கள். குடும்பம் நடமாடும் வீட்டுக்கு ஏஸி3க்குக் கீழே இறங்கவேண்டாம். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஏஸி4 நல்லது.

வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வரும் நம் வழக்கம் இரண்டு தரைக்கும் நன்மை. பனிக்காலத்தில் தெருவில் தூவும் உப்பும் மணலும் வீட்டுக்குள் வந்தால், அவை உப்புத்தாளைப் போல மெருகை அரித்துவிடும். கதிரைக் கால்களின் அடியில் கம்பளித் துண்டு ஒட்டிவிடுங்கள். குத்துவிளக்கின் கீழே தாம்பாளம் வையுங்கள்.

[காட்சி: பேஸ்மென்ட். கொங்கிறீற்றுத் தரையில் ஒட்டிய சதுரப் பிளாஸ்டிக் தாளின் அடியில் ஈரப்பூச்சு.]

பேஸ்மென்ட்டில் திண்ம ஹார்ட்வூட் போடவே கூடாது. நிலத்துக்குக் கீழுள்ள கொங்கிறீற்று எப்போதும் ஈரத்தை மேலே விட்டுக்கொண்டே இருக்கும். ஒரு சதுர மீற்றர் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் நாடாவால் ஒட்டி, இரண்டு மூன்று நாள் விட்டுத் தூக்கிப் பாருங்கள். அடியில் நீர்த்துளி கோத்திருந்தால், முதலில் அந்த ஈரத்துக்கு வழி காணவேண்டும். வரண்ட பேஸ்மென்ட்டானால், ஈரத்தடுப்பு விரிப்பின்மேல் லமினேட் போடலாம். பழைய வீட்டின் பேஸ்மென்ட்டில் 9 அங்குலச் சதுர ஓடுகளோ, கறுப்புப் பசையோ தென்பட்டால் உடைக்கவேண்டாம். அவற்றில், நுரையீரலுக்குக் கேடான அஸ்பெஸ்டஸ் நார் இருக்கக்கூடும். ஆய்வுகூடத்தில் சோதித்த பிறகே கைவைக்க வேண்டும்.

கொண்டோ எனப்படும் அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் பலகையைத் தெரிவு செய்வதற்கு முன், நிர்வாகத்தின் ஒலித்தடுப்பு விதியைக் கேட்டுப்பெறுங்கள். லமினேட் அடித்தளத்தோடு ஒட்டாமல், ஆணியடிக்காமல் மிதக்கும் தரை என்பதால், அடிவிரிப்பு மோசமாக இருந்தால் நடக்கும்போது டொக்கு டொக்கென்று வெற்றோசை எழும். கீழ்வீட்டாரோடு மனக்கசப்பு அங்கேதான் தொடங்கும்.

லமினேட்டின் பிசினிலிருந்து வெளியேறும், உடல்நலத்துக்குக் கேடான ஃபோர்மால்டிஹைட் வாயு பற்றிப் பலர் கேட்கிறார்கள். கூட்டுமரப் பொருள்களிலிருந்து வெளியேறும் ஃபோர்மால்டிஹைட்டுக்குக் கனடா அரசு விதித்த வரம்பு 2023 ஜனவரி 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு உட்பட்டதென்ற குறிப்பைப் பெட்டியில் பார்த்து வாங்குங்கள். எங்கிருந்தோ கழித்துக்கட்டிய, பெயர் குறிப்பில்லாத பழைய சரக்கை விலை மலிவென்று எடுக்கவேண்டாம்.

செலவுக்கு வருவோம். லமினேட் பலகை மலிவு என்பது உண்மை; சொடுக்கிப் பூட்டும் விளிம்பு இருப்பதால் கைவேலை தெரிந்தவர்கள் தாமே போடவும் முடியும். ஹார்ட்வூட்டுக்கு ஆணியடிக்கும் கருவியும் பழகிய கையும் வேண்டும். ஆனால் விலைமதிப்பீடுகளை ஒப்பிடும்போது சதுர அடி விலையை மட்டும் பார்க்கக்கூடாது. பழைய தரையை அகற்றுதல், மேடுபள்ளத்தைச் சமப்படுத்துதல், சுவரடிச் சட்டங்கள், படிக்கட்டின் விளிம்புகள், வெட்டில் வீணாகும் 10 சதவீதம் ஆகிய எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். அடித்தளம் 10 அடி நீளத்துக்கு 3/16 அங்குலத்துக்குமேல் ஏறியிறங்கினால், எந்தப் பலகை போட்டாலும் சில மாதங்களில் பூட்டு விடும் அல்லது கிறீச்சிடும். நான் பார்த்த கெட்டுப்போன தரைகளில் பெரும்பாலானவை பலகையால் கெட்டவை அல்ல; அடியில் இருந்ததைச் சரிசெய்யாமல் மூடியதால் கெட்டவை.

என் தெரிவைக் கேட்டால், பத்துப் பதினைந்து ஆண்டு அதே வீட்டில் இருக்கப்போகும் குடும்பத்துக்கு, நிலத்துக்கு மேலுள்ள இருப்பறையிலும் படுக்கையறைகளிலும் நடுத்தர அகலச் சிவப்பு ஓக் போடச் சொல்வேன். நான்கைந்து ஆண்டில் வீடு மாறும் எண்ணம் இருந்தாலோ, வீட்டில் தவழும் பிள்ளையும் நாயும் ஒன்றாக இருந்தாலோ, நல்ல ஏஸி4 லமினேட் போட்டுவிட்டுக் கவலையில்லாமல் இருக்கலாம்.

[காட்சி: அலுமாரியின் அடியில் பிரிக்காத பலகைப் பெட்டிகள் இரண்டு.]

லமினேட் எடுப்பவர்கள் கணக்குக்கு மேல் இரண்டு பெட்டி கூடுதலாக வாங்கி, பேஸ்மென்ட்டில் வைக்காமல், மேலே வரண்ட அலுமாரி ஒன்றுக்குள் படுக்கவைத்துவிடுங்கள். ஒவ்வொரு அச்சுப் படமும் சில ஆண்டுகளில் சந்தையிலிருந்து போய்விடும். பூட்டின் வடிவமும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். அறையின் நடுவில் ஒரு பலகை சில்லுடைந்தால், அருகிலுள்ள சுவரிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வந்து, அதே பலகையைப் பொருத்துவதற்கு அந்தப் பெட்டியை விட்டால் வேறு இடம் இருக்காது.