நிவாரண அட்டையும் காணி உறுதியும்

எல்லோருக்கும் வணக்கம்.

என் பெரியம்மா ஒரு ஷொப்பிங் பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுப்பார். உள்ளே இரண்டு சாமான். ஒன்று நிவாரண அட்டை. கூட்டுறவுச் சங்கக்கடையில் நீட்டி நீட்டி ஓரமெல்லாம் பிய்ந்தது. மற்றது யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் உள்ள எங்கள் காணியின் உறுதி, அதாவது உரிமைப் பத்திரம். 1990 ஜூனில் போருக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்தபோது சட்டி பானையைப் போட்டுவிட்டு இதைத்தான் மடியில் செருகிக்கொண்டாராம்.

அட்டையைக் காட்டினால் எந்த அலுவலகத்திலும் பெரிய பிரச்சினை இல்லை. தாமதமானாலும் அரிசியும் மாவும் கிடைக்கும். உறுதியை வெளியே எடுத்தால்தான் அதிகாரியின் முகம் மாறும்.

எல்லை தாண்டிப் போனவர் அகதி. தாண்டாமல் ஊருக்குள்ளேயே அலைபவரை யார் பார்ப்பது? 1998இல் ஐக்கிய நாடுகள் சபையில் முன்வைக்கப்பட்ட, உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர்களுக்கான வழிகாட்டும் கோட்பாடுகள் இதற்குப் பதில் சொல்கின்றன. சூடானைச் சேர்ந்த பிரான்சிஸ் டெங் முன்னின்று உருவாக்கியவை, மொத்தம் 30. மூன்றாவது கோட்பாடு, முதற்பொறுப்பு சொந்த அரசாங்கத்துக்கே என்கிறது. சரி, துரத்தியதும் அதே அரசாங்கமாக இருந்தால்? அப்போதும் அதேதான். ஆனால் இந்தக் கோட்பாடுகள் உடன்படிக்கை அல்ல. ஆபிரிக்க நாடுகள் 2009இல் கம்பாலாவில் கூடி இதை உடன்படிக்கையாகவே ஆக்கிக்கொண்டன. இலங்கையில் எங்களுக்குக் கிடைத்தது 2016இல் ஒரு தேசியக் கொள்கை. கொள்கையை மட்டும் தூக்கிக்கொண்டு நீதிமன்றப் படி ஏறுவது கஷ்டம்.

இருபதாவது கோட்பாடு எனக்குப் பிடித்தது. பத்திரம் தொலைத்தவரிடம், பழைய ஊருக்குப் போய் எடுத்து வா என்று சொல்லக்கூடாது என்கிறது. மச்சாளின் பிறப்புப் பத்திரத்துக்கு அலைந்தபோது ஓர் அலுவலகத்தில், "உங்கட விதானையாரிட்டக் கேளுங்கோ" என்றார்கள். விதானையார் என்றால் கிராம அலுவலர். விதானையாரும் இடம்பெயர்ந்து, யாரோ வீட்டு விறாந்தையில் மேசை போட்டு இருந்தார். அவருடைய பதிவேடுகள் மயிலிட்டியில்.

அப்புறம் 2013. மயிலிட்டியும் அடங்கிய வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரை இராணுவத்துக்காகச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினார்கள். உரிமையாளர்களைக் கண்டறிய முடியவில்லை என்று அதில் காரணம் எழுதியிருந்தது. அந்த உரிமையாளர்களில் எத்தனையோ பேர் சில மைல் தள்ளி, கோணாப்புலம் போன்ற முகாம்களில், அரசாங்கமே பதிந்துவைத்த பெயர்களோடு இருந்தார்கள். அரிசி கொடுக்கும்போது தெரிந்த பெயர், காணி எடுக்கும்போது மட்டும் தெரியாமல் போனது எப்படி? ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

இராணுவத்தை மட்டும் குறை சொல்லிவிட்டு இறங்கினால் நான் பாதிதான் பேசியவனாவேன். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். உறுதியைக்கூட எடுத்துப்போக விடவில்லை என்று, அவர்கள் தஞ்சமடைந்த புத்தளத்தில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். துரத்தியது வேறு ஆட்கள் என்பதால் அரசாங்கத்தின் கடமை குறைந்துவிடாது. ஆனால் போர் முடிந்ததும் 2008 ஏப்ரலைக் கோடாகக் கிழித்து, அதற்கு முன் இடம்பெயர்ந்தவர்கள் 'பழையவர்கள்', பின் வந்தவர்கள் 'புதியவர்கள்' என்று பிரித்தார்கள். புதியவர்களுக்கே முதலில் உதவி. பதினெட்டு வருடம் பொறுத்திருந்ததற்குக் கிடைத்த பட்டம், 'பழையவர்கள்'!

நல்லதையும் சொல்ல வேண்டும். ஒருவர் காணியில் இன்னொருவர் பத்து வருடம் தடையில்லாமல் இருந்துவிட்டால் ஆட்சியுரிமை கோரலாம் என்பது பழைய சட்டம். ஆயுதக் குழுக்களால் தங்கள் காணிக்குப் போக முடியாமல் இருந்தவர்களுக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. நிவாரணம் என்ற சொல்லே தேவைப்படாத சட்டம். கடமை என்று நான் சொல்வது இதைத்தான்.

2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகத்தோடு 54 ஏக்கர் விடுவித்தார்கள். பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் காணி அதற்குள் வரவில்லை. கிணற்றடிக்கு முன்னாலேயே முள்வேலி. உறுதியை எடுத்து, வேலிக்கு அப்பால் நின்ற இராணுவப் பெடியனுக்கு எல்லைகளை வாசித்துக் காட்டினார்: வடக்கு ஒழுங்கை, கிழக்கு இன்னார் காணி... அவனுக்குத் தமிழ் விளங்கவில்லை. முழுவதையும் கேட்டுக்கொண்டு நின்றான்.

பை இப்போது என்னிடம் இருக்கிறது, இன்றைக்கும் கொண்டுவந்திருக்கிறேன். பார்க்க விரும்புகிறவர்கள் தேநீர் நேரத்தில் மேசைக்கு வாருங்கள். உறுதியை மடிப்போடு எடுக்கவும், நடுவில் விட்டுப்போயிருக்கிறது.