பலகையில் லான்சோ, அடுப்படியில் ஹுவாலோங்

நேயர்களுக்கு வணக்கம்.

சீனாவில் எந்தப் பெரிய நகரத்துக்குப் போனாலும் ஆறேழு மேசைகள் மட்டும் போட்ட ஒரு நூடுல்ஸ் கடை கண்ணில் படும். பெயர்ப் பலகையில் லான்சோ என்று எழுதியிருக்கும். பக்கத்திலேயே ஹலால் என்பதற்கான அடையாளம். கணவர் அடுப்படியில் மாவை இழுப்பார், மனைவி கல்லாவில் இருப்பார், ஊரிலிருந்து வந்த மைத்துனன் கிண்ணம் கழுவிக்கொண்டே தொழில் பழகுவான். சரக்கெடுக்கக் குவாங்சோவுக்கும் யிவூவுக்கும் போய்வரும் நம் ஊர் வியாபாரிகளுக்கு இந்தக் கடைகள் புதியவை அல்ல.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கடைக்காரர்களில் மிகப் பலர் லான்சோக்காரர்களே அல்லர். லான்சோ, கான்சு மாகாணத்தின் தலைநகரம். இவர்களோ பக்கத்து மாகாணமான சிங்ஹாயில், மஞ்சள் ஆற்றை ஒட்டிய ஹுவாலோங் என்னும் மலைப்பகுதியைச் சேர்ந்தவர்கள். வறண்ட நிலம், விளைச்சல் போதாது. அங்குள்ள ஹுய் முஸ்லிம்கள் 1980களின் இறுதியில் தென்கடற்கரை நகரங்களுக்குப் போய்க் கடை போடத் தொடங்கினார்கள். அண்ணன் போன வழியில் தம்பி, தம்பி போன வழியில் மச்சான் என்று ஊரே கிளம்பியது. பிறகு உள்ளூர் அரசும் பயிற்சி, கடன் என்று கை கொடுத்தது. ஏற்கெனவே பெயர் பெற்ற ஊரின் பெயரைப் பலகையில் போட்டால்தானே கூட்டம் வரும்!

லான்சோக்காரர்களுக்கு இதில் தீராத வருத்தம். மாட்டிறைச்சிச் சாற்றில் போட்டுத் தரும் இந்தக் கையால் இழுத்த நூடுல்ஸ் அவர்கள் ஊரில் காலை உணவு. விடியலில் திறக்கும் கடைகள் பல மதியத்தோடு மூடிவிடும். 1915 வாக்கில் மா பாவ்சி என்ற ஹுய் இனத்தவர்தான் இதற்கு இன்றைய வடிவம் தந்தார் என்று அங்கே சொல்கிறார்கள். கிண்ணத்துக்கு ஐந்து இலக்கணம் உண்டு: சாறு தெளிந்திருக்க வேண்டும், முள்ளங்கி வெளுத்திருக்க வேண்டும், மிளகாய் எண்ணெய் சிவந்திருக்க வேண்டும், தழை பசுமையாகவும் நூடுல்ஸ் மஞ்சளாகவும் இருக்க வேண்டும். வெளியூர்க் கடைகளில் சாறு நீர்த்துப்போகிறது, இறைச்சித் துண்டின் வழியே மறுபக்கம் தெரிகிறது என்பது அவர்கள் புகார். சாறு விஷயத்தில் நான் லான்சோக்காரர்கள் கட்சி. ஆனால் லான்சோ நூடுல்ஸைச் சீனா முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் ஹுவாலோங்காரர்கள் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி மாவு. கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, கூடவே பெங்ஹுய் என்னும், நம் அப்பளக்காரம் போன்ற ஓர் உப்பு. பாலைநிலத்து ஓரங்களில் வளரும் ஒரு செடியை எரித்து எடுத்த சாம்பல்தான் முன்பு பயன்பட்டது. இப்போது பெரும்பாலும் பொட்டலத்தில் வரும் தூள். நூடுல்ஸின் மஞ்சள் நிறம் இதனால் வருவது. இழுத்தால் அறாமல் நீளும் குணமும் இதனால்தான். மாவை அடித்து, முறுக்கி, எண்ணெய் தடவி ஊறப்போடுவதுவரை நம் பரோட்டா மாஸ்டர் பார்த்தால் தன் வேலைதான் என்பார். அதன்பிறகு பாதை பிரிகிறது. இரண்டு நுனிகளையும் பிடித்து இழுத்து, மடித்து, மறுபடி இழுக்கிறார்கள். ஒவ்வோர் இழுப்புக்கும் இழைகள் இரட்டிக்கும். ஏழாவதில் 128, எட்டாவதில் 256. நடுவில் ஓர் இழை அறுந்தாலும் பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். மாவு சரியாக ஊறாத நாளில் எத்தனை தேர்ந்த கையானாலும் இழை அறும்.

இந்தக் கடைகளின் சுவரில் மாட்டியிருக்கும் உணவுப் பட்டியலில் எனக்கு ஒரு தனி ஆசை. அதை வடக்கு, வடமேற்குச் சீனாவின் வரைபடமாகவே படிக்கலாம். கெட்டியான மாவுக் கட்டியைக் கையில் ஏந்தி, கொதிக்கும் பானைக்குள் நேராகச் சீவித் தள்ளும் நூடுல்ஸ் ஷான்சி மாகாணத்தது. ஓரம் மெல்லியதாகவும் நடு தடித்தும் இருக்கும், மென்றால் பல்லுக்கு வேலை கொடுக்கும். உருளைக்கிழங்கும் மிளகாயும் போட்ட தாபான்ஜி என்ற கோழிக் குழம்பு சின்ஜியாங் தந்தது. கோழி பாதி தீர்ந்ததும் இடுப்புப் பட்டை அகலத்துக்கு நூடுல்ஸைக் கொண்டுவந்து அந்தக் குழம்பிலேயே புரட்டுவார்கள். நான் அதற்காகத்தான் கோழியையே வாங்குவேன். மாவைச் சிறு சிறு துண்டாகக் கிள்ளிப் பானையில் போட்டு, பின்பு காய்கறியோடு வதக்குவது சிங்ஹாய் வழக்கம், அதாவது கடைக்காரரின் சொந்த வீட்டுச் சாப்பாடு. பட்டியலின் கடைசியில் எங்கோ கிடக்கும். அதைக் கேட்டால் அடுப்படியிலிருந்து தலை நீட்டிப் பார்ப்பார்கள்.

ஹுவாலோங்குக்கு அக்கம்பக்கத்தில், அதே சிங்ஹாய் மாகாணத்தின் மின்ஹே வட்டாரத்தில், லாஜியா என்ற புதைந்துபோன கற்காலக் குடியிருப்பு இருக்கிறது. 2002இல் அங்கே கவிழ்ந்து கிடந்த ஒரு மண் கிண்ணத்துக்கு அடியில், சுமார் 4000 ஆண்டுப் பழமையான, அரை மீட்டர் நீளமுள்ள இழைகள் கிடைத்தன. 2005இல் நேச்சர் ஆய்விதழ் அதை வெளியிட்டது. மாவு கோதுமை அல்ல, சிறுதானியம் என்றார்கள். பசையே இல்லாத சிறுதானிய மாவில் அத்தனை நீள இழை எப்படி வரும் என்று வேறு ஆய்வாளர்கள் கேட்டார்கள். மாவு பிசைந்த எவருக்கும் அந்தச் சந்தேகம் வரும்.

அப்படி ஒரு கடைக்குள் நீங்கள் நுழைய நேர்ந்தால், எந்தத் தடிமன் என்று கேட்பார்கள். மயிரிழை முதல் பட்டைவரை எல்லாம் ஒரே மாவில் வருபவைதான். வித்தை பார்க்கும் ஆசையில் மயிரிழையைக் கேட்டுவிடாதீர்கள். நாலு வாய் சாப்பிடுவதற்குள் சாற்றில் ஊறிக் குழைந்துவிடும். அர்சி என்று கேளுங்கள், நடுத்தர மெல்லிசு. மேசையில் பச்சைப் பூண்டும் வினிகரும் இருக்கும். முதலில் சாற்றை மட்டும் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, பிறகு வினிகரை ஊற்றுங்கள்.

வணக்கம்.