ரோபோவை வாசல்வரை கொண்டுபோகிறவர்

நேயர்களுக்கு வணக்கம்.

கதிர்வீச்சு உள்ள இடத்துக்கு ரோபோவை அனுப்பிவிட்டால் போதும், மனிதருக்கு ஆபத்தே இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். நான் எங்கே பேசினாலும் ஒன்றைச் சொல்வேன், இங்கேயும் சொல்கிறேன். அந்த ரோபோவை வாசல்வரை கொண்டுபோய், குழாயைப் பொருத்தி, கேபிளை மாட்டிவிட்டு வருகிறவர் ஒரு மனிதர். அவருடைய நேரத்தையும் உடம்பையும் கணக்கில் வைக்காத திட்டம் பாதுகாப்பான திட்டம் ஆகாது.

ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். 2011 மார்ச்சில் சுனாமி தாக்கியபின் அங்கே மூன்று உலைகளில் எரிபொருள் உருகி, இரும்போடும் கான்கிரீட்டோடும் கலந்து இறுகிப்போனது. மொத்தம் சுமார் 880 டன் இருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அதிலிருந்து முதல்முறையாக 3 கிராமுக்குள் ஒரு துணுக்கை எடுத்துப் பார்க்க, 2024 ஆகஸ்டில் இரண்டாவது உலையில் ஏற்பாடு செய்தார்கள். தூண்டில் கழிபோல நீளும் கருவி அது. 22 மீட்டர் வரை நீளும், நுனியில் ஒரு கவ்வி. அதை உள்ளே தள்ள, ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்துகிற ஐந்து குழாய்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டர் நீளம், சுமார் 95 கிலோ எடை.

ஆகஸ்ட் 22 காலையில் வேலையைத் தொடங்கப் போனால், குழாய்கள் வரிசை மாறிக் கிடக்கின்றன! அன்றைய வேலை அத்தோடு நின்றது.

எவ்வளவோ ஆண்டுகள் யோசித்து உருவாக்கிய கருவி, குழாய் வரிசையில் போய் நிற்கிறதே என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்தக் குழாய்களைக் கொண்டுபோனவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். அவர்கள் அவற்றைக் கொண்டுபோய் வைத்தது ஜூலைக் கடைசியில். முகம் முழுக்க மூடிய முகமூடி, கனமான பாதுகாப்பு உடை. சுற்றிலும் கதிர்வீச்சு. எவ்வளவு சீக்கிரம் முடித்து வெளியே வருகிறோமோ அவ்வளவு நல்லது. குழாயின் வரிசை எண்ணைச் சரிபார்க்க அரை நிமிடம் கூடுதலாக நிற்பதுகூட அங்கே சுமைதான். நிலையத்தை நடத்தும் மின் நிறுவனத்தின் ஆட்களும் நேரில் இருந்து பார்க்கவில்லை. பிழை அந்தத் தொழிலாளர்களுடையது என்று நான் சொல்லமாட்டேன். இதே வேலையை அதே உடையோடு வெளியே பலமுறை செய்து பார்க்க வைத்திருக்க வேண்டும். அதுவும் ரோபோ திட்டத்தின் ஒரு பகுதிதான்.

செப்டம்பர் 10-ஆம் தேதி மறுபடி தொடங்கினார்கள். ஒரே வாரத்தில் நுனியிலிருந்த கேமராக்களில் படம் வரவில்லை. அவற்றை மாற்றியதும் மனிதர்கள்தான், கவனியுங்கள். கடைசியில் நவம்பர் 7-ஆம் தேதி துணுக்கு கைக்கு வந்தது. எடை சுமார் 0.7 கிராம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. துணுக்கிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி அளந்தால் கதிர்வீச்சு மணிக்கு 24 மில்லிசீவர்ட்டைத் தாண்டக்கூடாது (உடம்பு ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு அது), தாண்டினால் எடுத்ததைத் திரும்ப உள்ளேயே வைத்துவிடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தார்கள். அணு உலைத் தொழிலாளி ஒருவருக்குச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்பதுதான் உலக அளவில் சொல்லப்படும் வரம்பு. அளந்தபோது வந்தது 0.2 தான். ஆனால் எங்கே நிறுத்துவது என்று முதலிலேயே தீர்மானித்தார்களே, அதைத்தான் நான் பாராட்டுகிறேன். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, கொஞ்சம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற பேச்சுக்கு அப்புறம் இடமில்லை.

இதே உலைக் கட்டடத்தில் 2011-இல் ‘குவின்ஸ்’ என்ற ரோபோ மாடி ஏறியது. சுவர்களின் கனத்தில் ரேடியோ அலை சரியாகப் போகாது, அதனால் கேபிளை இழுத்துக்கொண்டே போகவேண்டும். அக்டோபரில் மூன்றாவது மாடியில் கேபிள் போய், தொடர்பு அறுந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டார்கள். சரியான முடிவு. சிக்கிக்கொண்ட ரோபோவை மீட்க ஆளை அனுப்பினால், ரோபோவை அனுப்பியதே வீண். அடுத்து வந்த இரண்டு ரோபோக்களை, ஒன்றின் கேபிள் போனால் இன்னொன்று கம்பியில்லாமல் அதோடு பேசும்படி அமைத்தார்கள்.

1986-இல் செர்னோபிலில் அணு உலை வெடித்தபின் நடந்தது வேறு. கூரையில் இறக்கிய இயந்திரங்கள் கதிர்வீச்சில் பழுதாகி நின்றதும், சிதறிக் கிடந்ததை அள்ள மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்களை மண்வெட்டியோடு மேலே அனுப்பினார்கள். நிமிடக் கணக்கில்தான் ஒவ்வொருவருக்கும் வேலை. ‘உயிருள்ள ரோபோக்கள்’ என்றே அவர்களை அழைத்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும்.

தொலைவிலிருந்து இயக்குபவருக்குக் கிடைக்கும் தொடு உணர்வைப் பற்றி விரிவாகச் சொல்ல வந்தேன், ஆனால் நேரம் நெருங்கிவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் ரே கோர்ட்ஸ் என்பவர், 1940-களின் இறுதியிலிருந்தே, தடுப்புக்கு அப்பால் உள்ள இயந்திரக் கை தொடுவதை இப்பக்கம் இருப்பவரின் கையும் உணரும்படி கருவிகள் செய்தார். இங்கிலாந்தில் ‘ஜெட்’ என்ற அணுப்பிணைவு உலையில் ‘மாஸ்காட்’ என்ற இரட்டைக் கைக் கருவியும் இப்படித்தான். போல்ட் திருகும்போது அதன் இறுக்கம் இயக்குபவரின் மணிக்கட்டுக்குத் தெரியும். கேமராப் படம் மங்கினாலும் கை சொல்லிவிடும். கல்பாக்கம் போன்ற நம் ஊர் மையங்களிலும் தொலைவிலிருந்து இயக்கும் இயந்திரக் கைகளோடு அன்றாடம் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தரவேண்டிய பயிற்சியைப் பற்றித் தனியாகவே ஓர் உரை வேண்டும்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.